மற்றவை

திங்கட்கிழமை ஏழு மணிக்குப் படகு வரும்.
அரோசா ரியாவின் பதினோரு இடங்களிலிருந்து
பதினோரு புட்டிகள்.
அயோடின் விட்டதும்
கடல் கட்டஞ்சாயா நிறத்துக்கு மாறும்.
நீந்தியவை எல்லாம்
நீந்திய கோலத்திலேயே நின்றுபோகும்.

எண்ணுவது என் வேலை. பெயர் ஸபேலா.
இருபத்திரண்டு வருடமாக இடது கையில் எண்ணும் பொறி.
டிக். டிக்.

படிவத்தில் மூன்று கட்டம்:
விஷமுள்ளவை, விஷமற்றவை, மற்றவை.
முதலிரண்டுக்குத்தான் சம்பளம்.
கண் ஓடுவது மூன்றாவதற்கு.

விலங்கல்ல, செடியல்ல, காளானல்ல, பாக்டீரியாவும் அல்ல.
அல்ல அல்ல என்று தள்ளித் தள்ளியே
ஒரு கூட்டத்துக்குப் பெயர் வைத்துவிட்டோம்,
புரோட்டிஸ்டுகள் என்று.
எந்தப் பந்தியிலும் இலை போடாமல் விட்டவர்களை
ஒரே பாயில் உட்காரவைத்த மாதிரி.
சொந்தமா என்றால், அப்படியும் இல்லை.
டயட்டத்துக்கும் அமீபாவுக்கும் உள்ள தூரத்தைவிட
எனக்கும் என் வாணலியில் வதங்கும் காளானுக்கும்
தூரம் குறைவு.

டயட்டம் ஒரு கண்ணாடி டப்பா.
பிரிந்தால் ஆளுக்கொரு பாதி.
எந்தப் பாதி வந்தாலும் அதை மூடியாக்கி
உள்ளே ஒரு அடிப்பாகம் செய்துகொள்ளும்.
பாறையில் ஆளுயரம் வழுக்கும் கடற்பாசி
அதற்குப் பங்காளி.
போன ஜூனில் பக்கத்துவீட்டு ஒப்தூலியாவின்
உருளைத் தோட்டத்தை ஒரே வாரத்தில் கருக்கியதும்
பங்காளிதான்.
"பூஞ்சை" என்றாள்.
திருத்த வாயெடுத்தேன்,
அவள் கையில் மண்வெட்டி இருந்தது.

அடிவண்டலில் ஒன்று
மணல் பொறுக்கி வீடு கட்டுகிறது.
பிடிக்காத மணியை விட்டுவிடுகிறது.
மூளை கிடையாது. ரசனை இருக்கிறது.

ஒன்பதாம் புட்டியில் டைனோஃபிசிஸ்.
கழுத்துப்பட்டி கட்டிய குட்டிக் குடுவை.
வெயிலைச் சமைக்கும் அடுப்பு
அதற்குச் சொந்தமில்லை.
ஒரு சிலியேட்டைக் குத்தி உறிஞ்சி எடுத்தது.
சிலியேட் அதை இன்னொன்றிடம் திருடியது.
அந்த இன்னொன்றும் என்றோ
ஒரு சிவப்புப் பாசியை விழுங்கி
வெளியே விடாமல் வைத்துக்கொண்டதுதான்.
இத்தனை கை மாறியும்
உலை கொதிக்கிறது.

டிக்.
லிட்டருக்கு நானூற்றெண்பது.
அதை வடிகட்டித் தின்னும் மட்டிக்கு ஒன்றும் ஆகாது.
மட்டியைத் தின்றவர் வயிறுதான் பேசும்.

புதன்கிழமை சதை அறிக்கையும் வந்தது.
ஒன்பதாம் பகுதியை மூடினார்கள்.
அங்கேதான் தம்பி அமாரோவின் மிதவை:
யூகலிப்டஸ் சட்டத்தில் ஐந்நூறு கயிறு,
கிறிஸ்துமஸ் வரை தவணை.

"எத்தனை?" என்று கேட்டான். சொன்னேன்.
"கண்ணுக்கே தெரியாததுங்க
எனக்குப் பூட்டு போட்டிருக்கு. சாவி?"
"வடகாற்று அடிச்சா ரியா தன்னைக் கழுவிக்கும்."
"எப்போ அடிக்கும்?"
அதற்கு என்னிடம் கட்டமில்லை.

அன்றிரவு கயிறுகளைப் பார்க்கப் போனான், நானும் ஏறினேன்.
மோட்டாரை நிறுத்தினோம்.
படகு விட்ட கோடு நீலமாக எரிந்துகொண்டிருந்தது.
கொக்கிக் கழியால் தண்ணீரை ஒரு அடி அடித்தான்.
ஒளி சிதறியது.
"இதுவும் அவங்கதானா?"
"அவங்கதான். வேற வீடு."

மறுபடி அடித்தான். மறுபடியும்.
கோபத்திலா என்று எனக்குத் தெரியவில்லை.
அவனுக்கும் தெரிந்திருக்காது.

கீழே குனிந்து
ஒரு புட்டி மொண்டு வைத்துக்கொண்டேன்.
அயோடின் விடவில்லை.