பத்தில் ஒரு பங்கு

ட்ரோம்சோவில் நவம்பர் கடைசி.
வெயில் இனி ஜனவரியில்தான்.
நுண்ணோக்கியின் விளக்கில்
ரக்ன்ஹில்ட் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

தட்டில் ஒரு தொடையெலும்பின் செல்கள்.
தொடைக்குச் சொந்தக்காரி
பனிச்சறுக்குப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு
பதினைந்து வயதில் போய்விட்டாள்.
ஐம்பது வருடமாயிற்று. செல்களுக்குத் தெரியாது.
புட்டியில் அவள் பெயரில்லை, எண்தான்: நாற்பத்தொன்று.

சிவப்பு மருந்தை ஊற்றினால்
ஓட்டைப் படகில் நீர் இறைப்பவன் மாதிரி
இறைத்து இறைத்து வெளியே கொட்டும்.
பிழைக்கும். இரண்டாகும்.
சாக மறந்ததுதான் அதன் வியாதி.

போன வாரம்
பல் பிடுங்கிய வைரஸ் ஒன்றின் முதுகில்
தொலைந்த மரபணுவை ஏற்றி அனுப்பினார்கள்.
இன்று மருந்து பத்தில் ஒரு பங்கு.
அதற்கே சுருங்கி, உருண்டு,
பிடி விட்டு மிதக்கின்றன
நூற்றுக்கு எண்பத்திரண்டு.

எஸ்பன் கைதட்டுகிறான்.
அவள் தட்டவில்லை.
வெறும் வைரஸ் விட்ட தட்டை இன்னும் பார்க்கவில்லை.
அப்புறம் எலிகள். அப்புறம் வருடங்கள்.
மூன்றாம் மாடியில் மொட்டைத்தலைப் பையன் ஒருவன்
வாந்திக் கிண்ணத்தை மடியில் வைத்து
ஹாக்கி பார்க்கிறான்.
அவனுக்கு இது எட்டாது.

நோட்டில் எழுதுகிறாள்: மறுபடி செய்.
மிதப்பவற்றைக் கொட்டப் போனவள்
ஏனோ
விளக்கை அணைக்காமல்
கொஞ்ச நேரம் நிற்கிறாள்.