பன்னிரண்டு பேர் மட்டும்

அருமனை இறக்கத்தில் ஆர்டிஓ நிற்பதாக
டென்னிசனுக்குப் போன் வந்தது.
வண்டியின் முதுகில் எழுதியிருப்பது பன்னிரண்டு பேர்.
உள்ளே பத்தொன்பது.

"கடைசி சீட்டு ஏழுபேரும் எறங்குங்க மக்களே,
தோட்டம் வழியா அந்தப் பக்கம் வந்துருங்க."
சொன்னது நான்தான்.
ஆயா வேலைக்கு மாசம் நாலாயிரம்.

ரப்பர் மூடுகளில்
சிரட்டை நிறைய மழைத்தண்ணீர்.
வளைவு தாண்டிக் கதவு திறந்து எண்ணினேன்.
ஆறு.
மறுபடி எண்ணினேன்,
பைகளையும் சேர்த்து.

டென்னிசன் எஞ்சினை அணைத்தான்.
அதுவரை கேட்காத ஓடை
கேட்டது.

சேறு அப்பிய ஒரு ஷூவைக்
கையில் தூக்கிக்கொண்டு வந்தாள்
ஒன்றாம் வகுப்பு அபிஷா.
"நாளைக்கும் நான்தான் எறங்கணுமா?"

மடியில் இருத்திக்கொண்டேன்.
வேறு இடமில்லை.