நாலு பவுண்

அநுராதபுரச் சந்தியில் ஏறியவன்
சீனக்குடாச் சோதனைச் சாவடி கண்ணில் பட்டதும்
"அண்ணை, நிப்பாட்டுங்கோ, வயிறு சரியில்லை" என்று
பற்றைக்குள் இறங்கினான். வரவேயில்லை.
பின் சீற்றில் ஒரு பிஸ்கட் டின்,
மூடியில் ஆணியால் குத்திய ஏழு ஓட்டை.

உள்ளே பழைய பேப்பருக்குள் மூன்று ஆமைக்குஞ்சு.
கறுத்த ஓட்டில், அவசரத்தில் யாரோ
மஞ்சளால் கிறுக்கிவிட்ட வெள்ளிகள்.
ஒன்று என் பெருவிரலை
இலையென்று நினைத்துக் கடித்தது.
பல்லில்லை. ஆனாலும் கடித்தது.

பொலிசில் சொன்னால்
ஆமை யாருடையது என்று கேட்கமாட்டார்கள்,
ஓட்டோ யாருடையது என்றுதான் கேட்பார்கள்.
லீசிங் இன்னும் பதினெட்டு மாதம்.
டின் வீட்டுக்கு வந்தது.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்
என்று தொடங்கினாள் சுகிர்தா.
அமீனா போன மாதமே வந்திட்டான்,
ரை கட்டிக்கொண்டு, கொம்பனி பைலோடு,
இனி ஆமைக்கு என்ன பயம் என்றேன்.
சிரிக்கவில்லை. ஆனால் வெள்ளரிக்காய் வெட்டினாள்.

வெள்ளரிக்காய், சோறு, பாலில் நனைத்த பாண்:
நாலு நாள் இப்படி. ஐந்தாம் நாள்
சின்னது கண் திறக்கவில்லை.
உவர்மலை மிருக வைத்தியரிடம்
"ஒரு நண்பன்ர ஆமை" என்று தொடங்கினேன்.
அவர் நிமிராமலே சொன்னார்:
"நண்பனுக்குச் சொல்லும், சோறு கூடாது, பாண் கூடாது,
பாலைக் கண்ணிலும் காட்டக் கூடாது.
இலை. புல்லு. சுண்ணாம்பு.
காலமை வெயில், ஒதுங்க நிழல்.
ஈரம் குறைஞ்சால் ஓடு மேடுமேடாய் எழும்பும்.
பிறகு அது இறங்காது."

மீன்கடையில் வாங்கிய ரெஜிபோம் பெட்டி
மூன்று தரம் கழுவியும் சுறா மணத்தது.
அலுமாரியின் அடி லாச்சியைக் கழற்றினேன்.
மண்ணும் தும்புத்தூளும் பிசைந்து பரப்பி
உடைந்த முட்டியைச் சரித்துப் புதைத்து
சட்டி மூடியில் தண்ணீர்,
நாடி நனையும் ஆழம், அதற்குமேல் இல்லை.
மேலே காகத்துக்காகக் கம்பிவலை.
வீட்டைச் சுமந்து திரியுது என்பார்கள்.
அது வீடில்லை, அதின்ர முதுகெலும்பு.
வீடு நான்தான் செய்தேன்,
சுகிர்தாவின் சேலைகள் இப்போது கதிரையில்.

டச்சுக்குடாவில் கடல் ஒதுக்கிய கணவாய் ஓட்டை
மகள் பள்ளிக்கூடப் பையில் கொண்டுவந்து சுரண்டுவாள்.
முருங்கை, வல்லாரை,
நாகதாளி முள்ளு நெருப்பில் வாட்டி.
செவ்வரத்தம் பூவுக்குத்தான் சண்டை:
இந்த ஊரில் மான் றோட்டில் படுக்கும்,
ஹோர்ன் அடித்தால் ஒரு காதை மட்டும் ஆட்டும்,
விடிய முன்னம் மதிலால் தலையை நீட்டி
மொட்டையும் விடாது. நான் நாலரைக்கு எழும்பினேன்.

சின்னது கண் திறந்து
பூவைத் தின்று முகமெல்லாம் சிவப்பாய் நின்ற அன்று
மத்திய வீதியில் கேதாரனின் நகைக்கடைக்குக் கொண்டுபோனேன்.
தராசில் வைத்தான். முப்பத்திரண்டு கிராம்.
"நாலு பவுண் மச்சான்" என்றான்.
சுகிர்தாவின் கொடி ஏழு பவுண்,
அடைவில் இருக்கிறது. இருவரும் அதைப் பேசவில்லை.

ஏழாம் கிழமை ஸ்ராண்டுக்கு ஒருவன் வந்தான்.
வயிறு இப்போது சுகம் போல.
"அண்ணை, ஒரு பிஸ்கட் டின்..."
பொக்கற்றில் கை; தாள்களின் விளிம்பு தெரிந்தது,
கொடியை மீட்கக் காணும்.
"பிஸ்கட்டோ? பிள்ளையள் திண்டிட்டுதுகள் தம்பி."

அடுத்த நாள் சீனக்குடாச் சாவடியில்
போ போ என்று கை காட்டினான் சிப்பாய்.
நானாகவே பிறேக் பிடித்தேன்.
பின் சீற்றில் லாச்சி, வலை, முட்டி, மூவர்.
"மே மொகத?" என்று குனிந்தான்.
வனசீவராசிகள் ஒபீசுக்குப் போன் எடுங்கோ என்றேன்,
கெதியா எடுங்கோ,
பூ வாடுது, இதுகள் இன்னும் சாப்பிடேல்லை.