தடைக்கால ஐஸ்

மஞ்சக்குப்பத்தில் சனிக்கிழமை காலை,
கல்யாண மண்டபத்தின் மாடி ஹால்.
கீழே யாருக்கோ வளைகாப்பு;
எங்கள் மைக்கைவிட அவர்கள் ஸ்பீக்கர் பெரிது.
பி.காம் மூன்றாம் ஆண்டு அறுபது பேர்,
பின்வரிசையில் ஆடிட்டர்கள், இரண்டு வங்கி மேலாளர்கள்,
ஒரு கூட்டுறவுச் சங்கச் செயலாளர்.
அவர் மட்டும் குறிப்பெடுக்கவில்லை.

முதலில் விளையாட்டு.
கற்பனையாக இருபது செலவு எழுதுங்கள் என்கிறேன்.
எழுதிய தாளை வாங்காமலே சொல்கிறேன்:
ஏழு நிறைய வந்திருக்கும்,
பூஜ்யத்தில் முடிக்கப் பயந்திருப்பீர்கள்.
நிஜக் கணக்கில் ஒன்றில் தொடங்கும் தொகைதான் அதிகம்,
பத்துக்கு மூன்று.
நிஜத்துக்குச் சமமாகப் பரிமாறத் தெரியாது.
பொய்தான் ஒவ்வொரு எண்ணிடமும் போய்
பந்தி விசாரிக்கும்.

பிறகு கமருதீன் எழுந்து
தானே புயலில் நனைந்த பில்லைக் காட்டுகிறார்.
தேதி டிசம்பர் 2011, ஓரமெல்லாம் பழுப்பு.
மோந்து பார்த்தேன், டிகாஷன் என்கிறார்.
அதை விடுங்கள், தலைப்பைப் பாருங்கள்.
முன்வரிசைப் பையன் கத்துகிறான்:
"ஜிஎஸ்டி நம்பர் சார்!"
பிறப்பதற்கு ஐந்தரை வருஷம் முன்பே
கடலூர் வந்துபோன வரி.

சிரிப்பு அடங்குமுன் என் படத்தைப் போடுகிறேன்.
முதுநகர் ஐஸ் கம்பெனி, பெயர் மேல் கறுப்புப் பட்டை.
ஏப்ரல் இருபது, 306 பார்.
மே ஒன்பது, 417 பார்.
மே முப்பது, 377.
கூட்டல் சரி. பேரேடு சரி. கடன் கொடுத்த வங்கிக்கும் சரி.
கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போன்ற கையெழுத்து,
ஏழுக்கெல்லாம் இடுப்பில் ஒரு குறுக்குக்கோடு.
என்ன தப்பு?
ஆடிட்டர்கள் கண்ணாடி துடைக்கிறார்கள்.
மூன்றாம் வரிசையில் ஒருத்தி, கை தூக்காமல்:
"பெரிய போட்டெல்லாம் கட்டிக் கிடக்குமே மேடம்.
தடைக்காலம்."

அறுபத்தோரு நாள்.
மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று துறைமுகமே சும்மா கிடக்கையில்
யார் வாங்கினார்கள் இத்தனை ஐஸை?
பேரேட்டைத் திறக்குமுன் கடலைப் பாருங்கள் என்றேன்.
கைதட்டினார்கள். எல்லா ஊரிலும் அந்த இடத்தில் தட்டுவார்கள்.

கேள்வி நேரத்தில்
எந்த சாஃப்ட்வேர், எத்தனை நாள் ஆச்சு,
இந்த வேலைக்கு என்ன பரீட்சை, என்ன சம்பளம்.
அவள் கேட்டாள்:
"பில் எழுதினவரு என்ன ஆனாரு?"
முதலாளி ஜாமீனில் என்று தொடங்கினேன்.
"முதலாளி இல்ல மேடம். எழுதினவரு."

என்னிடம் அதற்குப் படம் இல்லை.
அறிக்கையில் அவர் இரண்டாம் எதிரி.
மாதம் பதினோராயிரம் சம்பளம்.
எழுதச் சொன்னாங்க, எழுதினேன் என்றார்.
மேற்கோள் குறிக்குள் அப்படியே போட்டு
கீழே ஒப்பம் வாங்கினேன்.
தெரியாது என்றேன். நிஜமும் அதுதான்.
கீழே வளைகாப்பில் யாரோ
மைக்கில் ஐந்து வகைச் சோறு தயார் என்றார்கள்.

புதுச்சேரி பஸ். கன்னியக்கோவில் தாண்டி இருட்டு.
சான்றிதழுக்காக வாங்கிய வருகைத்தாளைப் புரட்டுகிறேன்,
பெயர்களைச் சரிபார்க்கத்தான்.
நாற்பத்து மூன்றாவது: கோ. யாழரசி.
கைபேசி எண்ணில் இரண்டு ஏழு.
இரண்டுக்கும் இடுப்பில் கோடு,
கோட்டின் வலது நுனி
கொஞ்சம் மேலே தூக்கினாற்போல்.

நூறு பேர் அப்படி எழுதுவார்கள்.
ஒரு எழுத்து ஒத்துப்போவது ஆதாரமாகாது என்று
காலையில் நான்தான் சொன்னேன்.
ஒரு தலைப்பெழுத்தும் ஆகாது.
பக்கத்து சீட்டில் கமருதீன் தூங்குகிறார்.
அடுத்த வாரம் நெய்வேலி.

கம்பெனி பெயரை மறைத்திருந்தேன்,
வங்கியின் பெயரை, முத்திரையை,
வக்கீல் சொன்ன எல்லாவற்றையும்.
கையெழுத்தை மறைக்கத் தோன்றவில்லை.