கடைமடைச் சாட்சி

மூன்று நிமிடம் தருகிறேன் என்றார் உபதேசியார்.
மைக்கை வாய்க்கு நெருக்கிப் பிடிக்கச் சொன்னார்.
எந்தக் கையால் என்று சொல்லவில்லை.

வலது கை விழுந்து மூன்று வருஷம்.
மாசிக் கூட்டத்தில்
பொறையாறு மைதானத்தில் எண்ணெய் வைத்தார்கள்.
முன்வரிசையில் ஒருத்தி ஊன்றுகோலை எறிந்தாள்.
நான் என் விரல்களையே பார்த்திருந்தேன்
தூண்டில் தக்கையைப் பார்ப்பதுபோல.
ஒன்றும் இழுக்கவில்லை.

ரூபாவதி எனக்குத் தெரியாமல்
வேளாங்கண்ணிக்கு பஸ் ஏறினாள்.
லுத்தரன் சபைப் பொருளாளர் மகள்.
கடலைப் பார்த்துவிட்டு வந்தேன் என்றாள்.
வெள்ளித் தகட்டில் கை ஒன்று
காணிக்கை போட்ட ரசீது
வெற்றிலைப் பையில் மடங்கிக் கிடந்தது.

இவ்வளவும் சொல்லலாம், சபை சிரிக்கும்.
இந்தக் கையின் பழைய வேலையைத்தான்
சொல்ல வாய் வருவதில்லை.

முறைத்தண்ணீர் ராத்திரி.
வடிவழகன் என் மடையை அடைத்துத்
தன் வயலுக்குத் திருப்பிக்கொண்டிருந்தான்.
குனிந்திருந்தான். நல்ல நிலா.
கால் வழுக்கிக் கருங்கல்லில் விழுந்தான் என்று
கோர்ட்டில் சொன்னேன்.
சாட்சி இல்லை என்று விட்டுவிட்டார்கள்.
அந்த மண்வெட்டியால் அப்புறமும்
ஆறு சாகுபடி வெட்டினேன்.
அவனுக்கு இடது காது போயிற்று.

மேட்டூர் திறந்தாச்சு என்று
டிவியில் சொன்ன அன்றைக்கு
எங்கள் ஊரில் ஒருவனும் துள்ளமாட்டான்.
திறந்தது நிஜம், பூத்தூவியதும் நிஜம்.
கல்லணை தாண்டி, ரெகுலேட்டர் ரெகுலேட்டராக நின்று,
வெங்காயத்தாமரையில் முட்டி
காட்டாமணக்கில் சிக்கி
வீரசோழனாற்றில் இறங்கி
இங்கே ஒரு விரற்கடைத் தண்ணீர்
சருகும் நுரையுமாய் நாக்கு நீட்டப்
பத்து நாள் ஆகும். சில வருஷம் இருபது.
இரட்சிப்பும் எனக்கு அப்படித்தான்.
எட்டாம் மாதம் ஞானஸ்நானம்;
ஐம்பத்தொன்றாம் வயதில்
கடைமடை நனைந்தது.
நனைந்த பிறகுதான் தெரிந்தது
எத்தனை வெடிப்பு என்று.

போன ஆடியில் வரப்பேறிப் போனேன்.
பீடியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.
நான் போய் உட்கார்ந்தது இடது பக்கம்.
எல்லாவற்றையும் சொன்னேன்
நிலா, மண்வெட்டி, கருங்கல் பொய்,
ஒன்று விடாமல், அந்தச் செத்த காதில்.
அவன் தண்ணீரைப் பார்த்தபடி இருந்தான்.
எழுந்து வந்துவிடலாம்.
சொன்னதாகவும் ஆயிற்று.

ஆண்டவரே, அந்த நாலடி தூரம்.
அவனைச் சுற்றிக்கொண்டு
வலது பக்கம் போய் உட்கார்ந்தேன்.
மறுபடி முதலிலிருந்து.

"அடி வாங்கினவன்கிட்டயேவா
சாட்சி சொல்ற?" என்றான்.
வேறொன்றும் சொல்லவில்லை.
பீடி தீரும்வரை இருந்தான்.
பிறகு மடைப்பலகையைத் தூக்க
ஒரு முனையை என் பக்கம் நகர்த்தினான்.
இடது கையால் பிடித்தேன்.

மன்னித்தானா? தெரியாது.
இப்போதும் என் முறையில்
அரைமணி திருடுகிறான்.
எனக்கு இன்னும் சுருக்கென்று கோபம் வருகிறது.
தூர்வாரி முடித்தேன் என்று சொல்லப் பயம்,
அடுத்த கோடைக்குள் மண் மேடிட்டுவிடும்.

பெயர் கூப்பிடுகிறார்கள்.
எல்லார் கண்ணும் என் வலது தோளில்.
அது எழும் என்று காத்திருக்கிறார்கள்.
எழாது.
மைக்கை இடது கையில் வாங்குகிறேன்.