மழை விழும் இடம்

மெல்பர்னிலிருந்து சியூ லெங் அனுப்பியவை
நாற்பத்தொரு படங்கள்.
கியோட்டோவின் காகிதக் கதவு.
பாலித் தீவின் கல் புத்தர், கழுத்துவரை மட்டும்.
செட்டிநாட்டுத் தூண் ஒன்று,
எந்த வீட்டிலிருந்து பிடுங்கியதோ.
கடைசியில் ஒரே ஒரு வரி:
அப்பாவின் ஹாலில் ஆசியா இருக்க வேண்டும்.

தஞ்சோங் தோக்கோங், பத்தொன்பதாம் மாடி.
இருபத்திரண்டு அடிக்குப் பதினான்கு.
நாடாவை இழுத்துப் பிடித்தேன்.
ஏர்கான் குழாய் இறங்கும் மூலையைக் கழித்தால்
ஜப்பானுக்கு ஐந்தரை அடி தேறும்.

ஹோக் அங்கிளுக்குப் பாதிக் காது.
ஃபெரியின் என்ஜின் அறையில்
மீதியைக் கொடுத்துவிட்டு வந்தவர்.
நான் எதைக் காட்டினாலும் "போலே" என்றார்.
மலாயில் அது சம்மதம்.
தமிழில் அது உவமை.
அறையும் அப்படித்தான் வளர்ந்தது:
கியோட்டோ போலே ஒரு தடுப்பு,
கண்ணாடி நாராலான அதன் காகிதம் கிழியாது.
தேக்கு போலே ரப்பர் மரம்.
பாட்டன் காலத்துப் பூ ஓடு போலே
போன மாதம் வியட்நாமில் வெந்த ஓடு.
தச்சர் பரஞ்சோதி தூணைத் தட்டிப் பார்த்து,
"உள்ளே ஒன்றுமில்லையே" என்றார்.
தாங்க வேண்டியதும் ஒன்றுமில்லை என்றேன்.

புத்தர் தலையைப் பெட்டியிலிருந்து எடுத்தபோதுதான்
அங்கிள் முதன்முதலாக வாய் திறந்து கேட்டார்:
"உடம்பு எங்கே?"
விலைப்பட்டியலில் இல்லை.
"தலையை மட்டும் வைத்துக்கொண்டு
விருந்தாளியை வா என்று எப்படிக் கூப்பிடுவது?"
அன்று மாலை பாலத்தைக் கடக்கையில்
என் பக்கத்து இருக்கையில் புத்தர்,
சீட் பெல்ட் போட்டுக்கொண்டு,
பாதி மூடிய கண்ணால் டோல் சாவடியைப் பார்த்தபடி.

பதினேழாம் படம் மட்டும் பாக்கி.
கிம்பர்லி தெருவில் அவள் வளர்ந்த கடைவீடு.
அஞ்சடி தாண்டி, கடை தாண்டி,
வீட்டின் நடு வயிற்றில்
வானத்துக்குத் திறந்த ஒரு சதுரம்.
அதைத்தான் அவள் ரொம்பக் கேட்டாள்:
தரையில் நான்கடிப் பள்ளம், கூழாங்கல்,
மேலே வெயில் போலே ஒரு விளக்கு,
சின்ன பம்பு வைத்தால்
மழை போலே சொட்டும்.

வரைபடத்தை விரித்தேன்.
அங்கிள் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார்,
மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.
"தாக் போலே."

"அவள் பார்த்தது மாடியிலிருந்து,
கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு.
நான் பார்த்தது கீழே இருந்து.
சாமித்தாள் சாம்பல் சாக்கடையை அடைக்கும்.
ராத்திரி மூன்று மணிக்கு
அரிசி மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு
எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் நிற்பேன்.
அவள் அம்மா வழுக்கி விழுந்ததும்..."
ஃபேன் சுற்றியது.
பிறகு விளக்கைக் காட்டி,
"இது எத்தனை வாட்?" என்றார்.

பள்ளம் தோண்டவில்லை.
ஓடு ஒரே சீராக ஓடுகிறது, சுவருக்குச் சுவர்.
மெல்பர்னுக்கு வேறு காரணம் எழுதினேன்:
கீழ்வீட்டுக் கூரை, கட்டட நிர்வாகம், அனுமதி.

மீதி ஏழாயிரம் வெள்ளிக்காகப் போன அன்று
அறையை அப்படியே படமெடுத்து
அனுப்பச் சொல்லியிருந்தாள்.
தாழ்ந்த சோபாவில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.
பால்கனிக் கதவு சாத்தியிருந்தது.
அதற்கு எதிரே, ஆசியாவின் நட்டநடுவே,
சந்தையில் பதினெட்டு வெள்ளிக்கு விற்கும்
சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி.
அதில் அங்கிள், கால்மேல் கால்.

கடலைத் தாண்டி வந்துவிட்டது மழை.
முப்பது வருஷம் கேட்காமல் உள்ளே வந்தது
இப்போது வெளியே நின்று
கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தது.
படத்துக்காகக் கொஞ்சம் நகரச் சொன்னேன்.
கேட்காத காதை என் பக்கம் திருப்பினார்.

நாற்காலி தெரியாதபடி
தூணை மட்டும் எடுத்து அனுப்பினேன்.