பாதை பிரியும் இடத்தில் நில்

எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம்.
பாதை பிரியும் இடத்தில் நில்.
பின்னால் வருகிறவரின் விளக்கு
மரங்களுக்கிடையில் தெரிகிற வரை
வண்டியை நகர்த்தாதே.

முதலில் உமையாள். பத்தொன்பது வயது.
கால் முழுதாய்த் தரையில் எட்டாத உயரத்தில் சீட்டு.
அதனாலேயே நிற்பது பிடிக்காது அவளுக்கு.
அடுத்து அடைக்கலம், என் வீட்டுக்காரர்,
அவர் இடுப்பைப் பிடித்தபடி இளையவன் சேது.
கடைசியில் நான்.
எல்லோருடைய புழுதியும் எனக்குத்தான்.

பள்ளத்தூர் தாண்டித் தார் முடிந்ததும்
காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டோம்.
ஆறு டயர், ஆறு பெருமூச்சு.
ஏழாவது என்னுடையது.
நாலு நாளாக நானும் அவரும் பேசவில்லை.
காரணம் சொன்னால் சிரிப்பீர்கள்.
மூன்றாவது வண்டிக்கு வாங்கிய கடனைத்
தம்பியிடம் சொன்னவர்
என்னிடம் சொல்லவில்லை.
சரி, சிரிக்க வேண்டாம்.

தைலங்காட்டில் சத்தமே வேறு மாதிரி.
வரிசையாய் நட்ட மரங்கள்
எஞ்சின் ஒலியை நறுக்கி நறுக்கித் தரும்.
அது முடிந்து முந்திரி தொடங்கினால்
கிளையெல்லாம் நெஞ்சுக்கு நேர்.
குனிந்து போகையில் பூவின் வாசம்
ஹெல்மெட்டுக்குள் ஏறிவிட்டு
இறங்க வழி தெரியாமல் சுற்றும்.
தடம் முழுக்கச் செம்புறாங்கல்,
அதன்மேல் சரளை, சரளைமேல் சருகு.
இங்கே பிரேக் பிடித்தால் விழுவாய்.
பிடிக்காவிட்டாலும் விழுவாய், கொஞ்சம் தள்ளி.
நின்றுகொண்டே ஓட்டு, முழங்காலைத் தளர்த்து,
கண்ணைத் தூரத்தில் வை,
வண்டி அதன்பாட்டுக்கு ஆடட்டும் என்று
நான் அவரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

வீரை மரங்களுக்கு முன்னால் மணல்.
உமையாள் போன கோடு
நூல் பிடித்த மாதிரி நேராய்க் கிடந்தது.
பக்கத்துக் கோடு பாம்பாய் நெளிந்து
ஒரு புதரோடு முடிந்தது.
சேது அதற்குள் எழுந்துவிட்டான்.
"அம்மா, நான் பறந்தேன்!"
அவர் எழவில்லை. வலது கால்
சைலன்சருக்கு அடியில்.
வண்டியை மரத்தில் சாய்த்துவிட்டு ஓடினேன்.
முதுகைக் கொடுத்து, சீட்டுக்கம்பியைப் பிடித்து,
நூற்றைம்பது கிலோவை எழுப்பினேன்.
பூட்ஸ் கருகியிருந்தது. கால் தப்பியது.
கையுறையைக் கழற்றி, கால்விரலை ஆட்டிப் பார்த்து,
நாலு நாளுக்குப் பின் அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை:
"கிளட்ச் லீவர் ஒடஞ்சிருச்சு."
நான் சொன்ன முதல் வார்த்தை:
"எங்கிட்ட ஒண்ணு இருக்கு."

பழைய சைக்கிள் ட்யூபில் சுற்றி
என் பைக்குள் இரண்டு மாதமாகக் கிடந்தது.
கறுப்பு நிறம். முந்நூற்றெழுபது ரூபாய்.
வாங்கியதை நானும் சொல்லவில்லை.
அவர் பார்த்தார். நான் பத்தாம் நம்பர் ஸ்பேனரைத்
தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.
சேது புற்றோரம் மயிலின் கால்தடத்தை எண்ணினான்.
பதினேழு வரை போய் மறுபடி ஒன்றிலிருந்து.
தூரத்தில் ஓர் எஞ்சின்
போகவுமில்லை, அணையவுமில்லை.

பாதை பிரியும் இடத்தில்
ஒரு கல்மேல் விரல்நுனி ஊன்றி
அப்படியே நின்றிருந்தாள் உமையாள், இருபது நிமிடம்.
எங்கள் விளக்குகளை எண்ணிவிட்டுத்தான் கேட்டாள்,
"யாரு விழுந்தது?"
"அப்பா" என்றான் சேது.
"மணலு" என்றார் அவர்.
நான், "யாருமில்ல, ஓட்டு" என்றேன்.

சாயங்காலம் வீட்டு வாசலில்
தண்ணீர் பீய்ச்சிச் செம்மண்ணைக் கழுவினோம்.
அவர் வண்டியில் பிரேக் லீவர் வெள்ளி,
கிளட்ச் கறுப்பு.
"வெள்ளியிலயே வாங்கிரலாம், கடையில கெடைக்கும்" என்றேன்.
"இருக்கட்டும்" என்றார்.
கடன் பேச்சு அப்படியே பாக்கி.
குழாயை மூடிவிட்டு, பிள்ளைகள் உள்ளே போகட்டும் என்று
ஈரத்தில் நின்றுகொண்டிருந்தோம்.